பறவைகள் பெருகிவிட்டன, இன்னும் எதற்கு ஆய்வு? மொரீசியஸ் மரபணு ஆய்வுக்கூடம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பரிணாம உயிரியல், பாதுகாப்பு மரபியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். மொரீசியஸின் அரிய பறவைகளிடமிருந்து எடுக்கப்படும் மாதிரிகளை ஆராய்வது எங்கள் வேலை. கோவில் அன்னதானப் பந்தியிலும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முடியும் நேரத்திலும், கல்யாண வீடுகளிலும் பலரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி விடை தந்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

அந்த ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் அப்படி என்னதான் வேலை?

காட்டிலிருந்து வரும் இரத்தம் எத்தனால் நிரம்பிய சிறு குப்பியில் இருக்கும். அதில் சிறிதளவை எடுத்து, புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்து, சுமார் 55 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும் வைப்போம். மறுநாள் உப்புக் கரைசலால் புரதத்தைப் பிரித்து நீக்கிவிட்டு, தெளிந்த நீரில் குளிர்ந்த ஆல்கஹாலைச் சேர்த்துக் குப்பியை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால், பஞ்சுநூல் போல வெண்மையாக ஒன்று திரண்டு மிதக்கும். அதுதான் டிஎன்ஏ. அதன்பிறகு வேண்டிய பகுதியை மட்டும் பல மடங்காகப் பெருக்குவதோ, முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்த அனுப்புவதோ, கேள்வியைப் பொறுத்தது.

ஆய்வுக்கூட உதவியாளர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், தரவுகளைக் கணினியில் ஆராய்பவர்கள், வழிநடத்தும் பேராசிரியர் என்று பலர் இதில் இருக்கிறோம். ஆனாலும் முதல் பொறுப்பு காட்டில் இருப்பவர்களுடையது. கூட்டைக் கண்டுபிடித்து, குஞ்சின் காலில் வளையமிட்டு, எந்த வளையம், எந்தக் கூடு, எந்த நாள் என்று பிழையில்லாமல் எழுதித் தருபவர்கள் அவர்கள். அந்தக் குறிப்பு இல்லாத குப்பியால் எங்களுக்குப் பெரும்பாலும் பயனில்லை.

உயிருள்ள பறவையைக் குத்தி இரத்தம் எடுப்பது பாவமில்லையா? அதற்கு வலிக்காதா?

இந்தக் கேள்வியை விரதமிருப்பவர்கள் மிகுந்த அக்கறையோடு கேட்கிறார்கள். அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். இறக்கையின் உட்புறத்தில் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு தெரியும். அந்த இரத்தக் குழாயை நுண்ணிய ஊசியால் தொட்டு, ஒரு துளிக்குச் சற்று அதிகமான இரத்தத்தைக் கண்ணாடிக் குழலில் எடுத்து, பஞ்சால் சிறிது நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். பயிற்சியும் அனுமதியும் பெற்றவர் மட்டுமே இதைச் செய்யலாம்.

அவ்வளவு குறைந்த இரத்தம் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. ஆகவே பறவையின் ஒரு துளி இரத்தத்தில் டிஎன்ஏ நிறைந்திருக்கும்.

ஒரு துளி இரத்தத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

முதலில், ஆணா பெண்ணா என்று தெரியும். மொரீசியஸுக்கே உரிய பச்சைக் கிளியான எக்கோ கிளி வளர்ந்தபின் ஆணுக்கு அலகு சிவப்பாகவும் பெண்ணுக்குக் கறுப்பாகவும் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் அந்த வேறுபாடு இல்லை. பறவைகளில் பெண்ணுக்குத்தான் இருவேறு பாலினக் குரோமோசோம்கள் இருக்கின்றன. எனவே அவற்றிலுள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவைப் பெருக்கி, மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓடவிட்டு, புற ஊதா ஒளியில் பார்த்தால், ஆணுக்கு ஒரு கோடும் பெண்ணுக்கு இரண்டு கோடுகளும் ஒளிரும். எந்தக் குஞ்சை எந்த இடத்தில் விடுவது என்று முடிவெடுக்க இந்த எளிய சோதனை பெரிதும் உதவுகிறது.

இரண்டாவதாக, பெற்றோர் யார் என்றும் இரு பறவைகள் எவ்வளவு நெருங்கிய உறவு என்றும் சொல்ல முடியும். மூன்றாவதாக, அந்தக் கூட்டம் முழுவதிலும் எத்தனை விதமான மரபு வகைகள், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள், எஞ்சியிருக்கின்றன என்பதை அளக்கலாம். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவதைப் பற்றியவை.

என் மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். என்ன படிக்க வேண்டும்? பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பலாமா?

எச்.எஸ்.சி. தேர்வில் உயிரியலும் வேதியியலும் வேண்டும். அவற்றோடு கணிதத்தையும் விட்டுவிடாமல் படிப்பது நல்லது. இன்று மரபியலில் பாதி வேலை புள்ளியியலும் கணினி நிரல் எழுதுவதுமாக இருக்கிறது. ரெதுயியிலுள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்திலோ வெளிநாட்டிலோ உயிரியல் பட்டம் பெற்றபின், ஒரு பருவமாவது களப்பணியில் சேர்ந்து பார்க்கும்படி நான் எல்லோருக்கும் சொல்வேன்.

பெண்பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். விடியுமுன் எழவும், மழையில் நனையவும், ஒரே கூட்டைப் பல மணிநேரம் அசையாமல் பார்த்திருக்கவும் மனம் வேண்டும். அந்தப் பொறுமை உள்ள பெண்கள் பலர் இந்தத் தீவின் காடுகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் முன்னணியில் இருக்கிறார்கள்.

அழிய இருந்த பறவைகள் பெருகிவிட்டன என்று பத்திரிகையில் படித்தோம். இன்னும் எதற்கு ஆய்வு?

பெருகியது உண்மை. அது பெரும் சாதனை. மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு, 1974-இல் காட்டில் தெரிந்தவரை நான்கே நான்கு இருந்தது. காடுகள் அழிக்கப்பட்டதும், மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடி மருந்தும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இளஞ்சிவப்புப் புறா 1990-ஐ ஒட்டிக் காட்டில் சுமார் பத்தாகக் குறைந்தது. எக்கோ கிளியும் 1980-களில் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருந்தது. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும், மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும், தேசியப் பூங்கா துறையும், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவின் டரெல் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, காட்டில் விட்டு, உணவும் தந்து காப்பாற்றின. இன்று கெஸ்ட்ரல் சில நூறு இருக்கின்றன; புறா நானூறைத் தாண்டியது; கிளி எழுநூறைத் தாண்டியது.

ஆனால் எண்ணிக்கை மீண்டால் மரபு வளமும் மீண்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒரு பறவையிடம் இரண்டு படிகள் (நகல்கள்) உண்டு. ஒரே ஒரு ஜோடி மிஞ்சினால், ஒரு மரபணுவில் முன்பு எத்தனை வகைகள் இருந்திருந்தாலும், நான்குக்கு மேல் மிஞ்ச வழியில்லை. அந்த ஜோடிக்கு ஆயிரம் சந்ததி பிறந்தாலும் அவை அந்த நான்கின் நகல்கள்தாம். போன வகைகள் புதிய மாற்றங்களாகத் தோன்றிச் சேர ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஆகும். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே முக்கியக் காரணம் இதுதான்: பறவைகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டு மக்கள் நிம்மதியடைகிறார்கள், கூட்டத்துக்குள் எவ்வளவு வேறுபாடு எஞ்சியிருக்கிறது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.

இழந்தது இவ்வளவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பழைய பறவைகள்தான் இல்லையே?

பறவைகள் இல்லை, தோல்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சுடப்பட்டுப் பதப்படுத்தப்பட்ட கெஸ்ட்ரல்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் இன்றும் கிடக்கின்றன. பாதத்தின் அடியிலிருந்து மிகச் சிறிய தோல்துண்டை வெட்டி எடுத்தால், சிதைந்த நிலையிலாவது டிஎன்ஏ கிடைக்கும். அப்படி 170 ஆண்டுகள் வரை பழமையான தோல்களை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் நேச்சர் இதழில் வெளியானது. முன்னோரிடம் இருந்த மரபு வகைகளில் பாதிக்கும் மேல் இன்று இல்லை என்பது அதனால் தெளிவாயிற்று.

இத்தகைய வேலைக்குத் தனி அறை வேண்டும். அன்று காலையில் புதிய இரத்தத்தைக் கையாண்டவர் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. ஆடையிலோ கையுறையிலோ ஒட்டிவரும் புதிய டிஎன்ஏ, பழைய தோலிலுள்ள மிகச் சிறிதளவு டிஎன்ஏவை மூடிவிடும்.

நம் குடும்பங்களில் மாமன் மகளைக் கட்டுகிறோம். சிலர் அக்காள் மகளையே கட்டியிருக்கிறார்கள். பறவைகளுக்கு மட்டும் உறவில் சேர்ந்தால் என்ன கெடுதல்?

அடிப்படை இருவருக்கும் ஒன்றுதான். தந்தையிடமிருந்து ஒரு படி, தாயிடமிருந்து ஒரு படி என்று இரண்டு வருவதால், ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது பெரும்பாலும் அதை ஈடுசெய்துவிடும். பெற்றோர் உறவினரானால், ஒரே முன்னோரிடமிருந்த அதே பழுது இரண்டு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு 16-இல் 1; அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு 8-இல் 1; உடன்பிறந்த இரு பறவைகளின் குஞ்சுக்கு 4-இல் 1.

மனிதர்களுக்கும் இது ஓரளவு அபாயத்தைக் கூட்டவே செய்கிறது. குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பதே நல்லது. ஆனால் நம்மில் ஒருவர் உறவில் கட்டினாலும் அடுத்த தலைமுறை அசலில், அதாவது உறவுக்கு வெளியே, கட்டிக்கொள்ள முடியும். இளஞ்சிவப்புப் புறாவுக்கு அசல் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் அதே சிலரின் வழித்தோன்றல்கள். அந்தப் புறாக்களில் உறவு நெருக்கம் கூடும்போது முட்டை கருவுறுவதும் குஞ்சு பிழைப்பதும் குறைகின்றன என்றும், 4-இல் 1 என்ற அளவை எட்டிய பறவைகளில் பாதிப்பு மிகுதி என்றும் வளையக் குறிப்புகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது.

நான்கு வல்லூறிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்துவிட்டதே. அப்படியானால் உறவுச் சேர்க்கையால் ஒன்றும் ஆகாது என்றுதானே பொருள்?

கெட்டிக்காரத்தனமான கேள்வி, மாணவர்கள் இதை விடாமல் கேட்கிறார்கள். பழுதுள்ள மரபு வகைகள் மிகக் கொடியவையாக இருந்தால், அவற்றைச் சுமக்கும் குஞ்சுகள் இறந்து அந்த வகைகளும் மறைவதுண்டு. தீவில் நெடுங்காலம் சிறு கூட்டமாகவே வாழ்ந்த இனத்தில் இது ஓரளவு முன்பே நடந்திருக்கலாம். ஆனால் சிறு கேடு செய்யும் பழுதுகள் அப்படி நீங்குவதில்லை. அவை தற்செயலாகப் பரவி எல்லோரிடமும் நிலைத்துவிடும்.

மேலும், பிழைத்த இனத்தை மட்டும் பார்த்து விதி வகுப்பது தவறு. மீட்க முயன்றும் மறைந்த உயிரினங்கள் நம் கண்முன் இல்லை. கெஸ்ட்ரலும் இன்னும் கரையேறிவிடவில்லை: மேற்கே பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகளிலும் கிழக்கே பம்பூ (Bambous) மலைகளிலுமாக இரு கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. முன்பு மேம்பட்ட அதன் நிலை, 2014-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் உலகப் பட்டியலில் மீண்டும் ‘அழியும் அபாயத்தில்’ என்ற நிலைக்குத் தாழ்த்தப்பட்டது. நோய் என்று வரும்போது அபாயம் இன்னும் தெளிவாகிறது. எக்கோ கிளிகளிடையே 2005-ஐ ஒட்டி அலகு, இறகு நோய்க்கிருமி பரவியது. அத்தகைய வேளையில் சிலராவது தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், கூட்டத்துக்குள் வேறுபாடு இருந்தாக வேண்டும்.

எலி, குரங்கு, பூனையை ஒழிப்பதை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் பணம் போடுவது சரியா?

இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், நானும் எலியை ஒழிக்கவே சொல்வேன். முட்டையை எலி தின்றுவிட்டால் அதன் மரபணுவை ஆராய்ந்து பயனில்லை. மலைக்குப் போய் நாம் ஆசையோடு பறிக்கும் சிவப்புச் சீனக் கொய்யாவும் வெளியிலிருந்து வந்து காட்டை நெருக்கும் செடிதான். நல்ல நிலையில் உள்ள பூர்விகக் காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காடு கூட இல்லை. காட்டை மீட்பதும் பகைவிலங்குகளைத் தடுப்பதும் முதல் வேலை. அப்படி மீண்ட காட்டில் எந்தப் பறவையை எதனோடு, எங்கே விடுவது என்ற கேள்விக்கு மட்டுமே எங்கள் விடை பயன்படும்.

வௌவால்கள் கூட்டம் கூட்டமாக வந்து லிச்சியைத் தின்கின்றன. அவற்றுக்கு எதற்குப் பாதுகாப்பு?

வீட்டு முற்றத்து லிச்சி மரம் நவம்பரில் காய்த்து நிற்கும்போது ஒரே இரவில் வெறுமையாவதைப் பார்ப்பவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்தப் பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். 2015-லும் 2016-லும் அரசு பெருமளவில் வௌவால்களைக் கொல்வித்தது. 2018-இல் அதே உலகப் பட்டியலில் அது ‘அழியும் அபாயத்தில்’ என்ற நிலைக்குச் சென்றது. பூர்விக மரங்களின் விதைகளைச் சுமந்து பரப்பும் பெரிய உயிர்கள் இங்கே மிகச் சிலவே எஞ்சியுள்ளன. மரத்துக்கு வலை போடுவதுதான் பழத்தையும் வௌவாலையும் காக்கும் வழி. கெஸ்ட்ரலும் ஒரு காலத்தில் கோழிக்குஞ்சு திருடும் பறவை என்று சுடப்பட்டதுதான்.

டோடோவைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாமே?

டோடோ ஒரு புறா. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் டோடோவின் எஞ்சிய உடற்பகுதியிலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஆராய்ந்து, இன்று வாழும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று 2002-இல் காட்டினார்கள். 2023-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் டோடோவை மீண்டும் உருவாக்கப்போவதாக அறிவித்தது. அம்முயற்சி வெற்றிபெற்றாலும் கிடைக்கப்போவது, சில மரபணுக்கள் டோடோவைப் போல் திருத்தப்பட்ட வேறொரு புறா. அதற்குக் கூட்டமும் இல்லை, மேலே நான்கு படிகள் பற்றிச் சொன்ன சிக்கலும் முழுமையாக இருக்கும். திருத்தும் கருவிகளில் ஏற்படும் முன்னேற்றம் இளஞ்சிவப்புப் புறாவுக்கு ஒருநாள் உதவலாம் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் இருக்கும் புறாவைக் காப்பதற்கே என் மனம் முன்னுரிமை தருகிறது.

கியூர்பிப் தோட்டத்தில் ஒற்றைப் பனை நிற்கிறதே, அதை மரபணுவால் காப்பாற்ற முடியாதா?

உலகில் அந்த இனத்தில் தெரிந்தவரை அது ஒன்றுதான். அதில் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து உதிர்ந்தபிறகே பெண் பூக்கள் மலர்வதால், தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்வது அரிது. திசு வளர்ப்பு முயற்சிகளும் நிலைத்த செடியாக முடியவில்லை. ஆய்வுக்கூடத்தால் அதன் மரபணுத்தொகுதியைப் படித்துவைக்க முடியும். ஆனால் இரண்டாவது மரம் இல்லாத இடத்தில் வேறுபாட்டை உண்டாக்க முடியாது. எண்ணிக்கை ஒன்றுக்குக் குறையுமுன் வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

நம் பறவைகளின் இரத்தம் ஏன் வெளிநாடு போகிறது? அதன்மீது நமக்கு உரிமை இல்லையா?

உரிமை உண்டு. பல்லுயிர் உடன்படிக்கையை 1992-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு மொரீசியஸ். மரபுவளத்தால் வரும் பயனை அது தோன்றிய நாட்டோடு பகிர வேண்டும் என்னும் நகோயா நெறிமுறையையும் நாம் ஏற்றிருக்கிறோம். அழியும் நிலையிலுள்ள பறவையின் இரத்தம் நாட்டை விட்டுப் போக, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் அனுமதியும் வேண்டும்.

இதுவரை ஆய்வில் பெரும்பகுதி பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் நடந்தது. கருவிகளும் பணமும் அங்கே இருந்தன. காகித உரிமையோடு நிறுத்தாமல், தரவைப் படித்து முடிவு சொல்லும் நம் பிள்ளைகள் பெருக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மகளைப் பற்றிக் கேட்டவருக்கு நான் கணிதத்தை வலியுறுத்தியதும் இதனால்தான்.

ரவுண்ட் தீவின் கடற்பறவைகள் கலப்பினம் என்கிறார்கள். கலப்பினத்தைக் காப்பது சரியா?

அங்கே கூடு கட்டும் பெட்ரல் பறவைகளை ஆராய்ந்தபோது, ட்ரின்டாடி, கெர்மடெக், ஹெரால்டு என்னும் மூன்று இனங்கள் ஒன்றோடொன்று கலந்திருப்பது தெரியவந்தது. மனிதர் கொண்டுவந்து விட்டதால் நேர்ந்த கலப்பு வேறு. பெருங்கடல்களைத் தாமே கடந்துவந்து சேர்ந்த பறவைகளின் கலப்பு வேறு. இரண்டாவது, இனங்கள் உருவாகும் போக்கின் ஒரு பகுதியே. அதைக் கண்முன் பார்க்கக் கிடைத்த இடத்தைத் தூய்மையின் பெயரால் கைவிடுவது பரிணாமத்தைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் காரியமாகும்.

வெளிநாட்டு விலங்குக் காட்சிசாலையின் இளஞ்சிவப்புப் புறாவைக் கொண்டுவந்து நம் காட்டில் விட்டால், அது நம் புறாவாகுமா?

ஆகும், ஏனென்றால் அது இங்கிருந்து போனதுதான். 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பிடிக்கப்பட்ட சில பறவைகளின் வழித்தோன்றல்கள் ஜெர்சியிலும் ஐரோப்பாவின் வேறு காட்சிசாலைகளிலும் வளர்கின்றன. காட்டில் மறைந்துவிட்ட சில மரபு வகைகள் அவற்றிடம் இன்னும் உள்ளன. 2022-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, புறாவின் எண்ணிக்கை ஏறிய ஆண்டுகளிலும் அதன் மரபு வளம் தொடர்ந்து கரைந்ததைக் காட்டியது. அந்த இழப்பை ஈடுசெய்யாவிட்டால் அடுத்த 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இது காட்டில் அழிந்துபோகக்கூடும் என்று அவ்வாய்வு எச்சரித்து, காட்சிசாலைப் பறவைகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. இரண்டாண்டோ மூன்றாண்டோ செய்து நிறுத்தும் வேலையல்ல இது.

கவலைகளும் உண்டு. புதிய நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாது. இங்கே ஏற்கெனவே ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி புறாக்குஞ்சுகளைக் கொல்கிறது. கூண்டில் பல தலைமுறை வாழ்ந்த பறவை காட்டில் தாக்குப்பிடிக்குமா என்ற ஐயமும் நியாயமானது. ஆகவே வருபவற்றைத் தனிமைப்படுத்திப் பரிசோதித்து, முதலில் இங்குள்ள கூண்டிலேயே நம் பறவையோடு சேர்த்து, பிறக்கும் குஞ்சுகளை விடுவதே பாதுகாப்பான வழி. அந்தக் குஞ்சுகளின் இரத்தமும், அவற்றின் குஞ்சுகளின் இரத்தமும் எங்களிடம் வர வேண்டும். சேர்த்த வகைகள் இரண்டாம் தலைமுறையிலும் தங்கியிருக்கின்றன என்று தெரிந்தபிறகு அடுத்த தொகுதியின் ஜோடிகளைத் தேர்ந்தெடுக்கலாம்.